முதிரை: வயதைச் சொல்லும் பெயர்

"சாட்டினா, குளோசா, மட்டா? எது வேணும் சேர்?"

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு வார்னிஷ் வாங்கப் போனபோது கடைப் பையன் இப்படிக் கேட்டான். கண்ணாடிபோல் பளபளத்தால் அது குளோஸ். மினுக்கமே இல்லாமல் அடங்கிக் கிடந்தால் மட். இரண்டுக்கும் நடுவே, பட்டுச் சேலையின் மடிப்பில் தெரியும் மெல்லிய ஒளி வேண்டுமென்றால் சாட்டின். நான் சாட்டின் வாங்கினேன்.

டின்னோடு ஒழுங்கையில் இறங்கி நடக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. இந்தச் சாட்டின் பூச்சைப் பூசப்போகும் பலகைக்கும் ஆங்கிலத்தில் சாட்டின்வூட் என்றுதான் பெயர். நாங்கள் அதை முதிரை என்கிறோம். மரம் ஒன்று, பெயர் இரண்டு. ஆங்கிலப் பெயர் வைத்தவர் அறுத்து இழைத்து மெருகேற்றிய பலகையைப் பார்த்து வைத்திருக்கிறார். தமிழ்ப் பெயர் வைத்தவரின் கண்ணில் பட்டது மினுக்கம் அல்ல. அவர் எதைப் பார்த்தார் என்று தேடிப் போனேன். அந்தத் தேடல், வீட்டுக்குத் தரைப்பலகை பதிப்பது எப்படி என்பதையும் சேர்த்தே எனக்குக் கற்றுத் தந்தது.

என் தங்கையின் வீடு வெள்ளவத்தையில் கடற்கரைக்குச் சமீபமாக, ஒரு தொடர்மாடியின் மூன்றாம் தட்டில் இருக்கிறது. அவள் முதலில் பதித்தது, ஆலையிலேயே பூச்சும் பூசி வரும் மெல்லிய பலகை. ஐப்பசி மழை தொடங்கியதும் பலகைகளின் விளிம்புகள் எழும்பி நடுப்பகுதி குழிந்தது. நடந்தால் காலடியில் கிறீச்சென்றது. பலகையின் மேல்மட்டும் பழி போடுவதற்கில்லை. அடியிலிருந்த கொங்கிறீற்றுப் பூச்சின் ஈரம் போவதற்குள் அவசரமாகப் பதித்துவிட்டார்கள். எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதாயிற்று.

அந்த நாட்களில்தான் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய மாடிவீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். மேல்தட்டின் தரைப்பலகைகள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. கறல் பிடித்த ஆணிகள், பல தலைமுறைக் காலடி அழுக்கு. 1983 ஆடியில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகள் எத்தனையோ எரிந்தன. தப்பி நின்ற வீடொன்றின் தரை என்பதாலேயே அதை விறகாக விட்டுவர மனம் ஒப்பவில்லை. எங்களோடு வந்த தச்சு பாஸ் ஒரு பலகையைத் தூக்கிப் பாரம் பார்த்தார். உளி முனையால் ஓரத்தில் சீவி, சீவிய இடத்தை மூக்கருகே கொண்டுபோனார்.

"முதிரை, சேர். இது இனி அசையாது. அசைய வேண்டியதெல்லாம் எப்பவோ அசைஞ்சு முடிஞ்சுது."

அவர் தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, அந்தப் பெயரின் பொருளையே சொல்லிவிட்டார்.

முது என்பது தமிழின் மிகப் பழைய வேர்களில் ஒன்று. முதுமை, முதியோர், முதிர்ச்சி, மூத்தோர், மூப்பு எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. முதிர் என்ற வினையோடு ஐ என்னும் ஈறு சேர்ந்தால் முதிரை. வில் என்பது விலையாகவும், கொல் என்பது கொலையாகவும் ஆகும் அதே வழி. முதிர்ந்தது எதுவோ, முதிர வேண்டியது எதுவோ, அது முதிரை.

ஆனால் பழந்தமிழில் முதிரை என்றால் மரம் அன்று. அவரை, துவரை முதலிய பயறு வகைகளுக்குப் பொதுப்பெயராகவே சங்க நூல்களில் இச்சொல் வருகிறது. மலையாளத்தில் இன்றும் முதிர என்றால் கொள்ளு. பயற்றுக்கும் மரத்துக்கும் தாவர வகையில் எந்த உறவும் இல்லை. ஒரே ஓசை இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று முடிவுகட்டுவது சொல்லாராய்ச்சியில் பெரும்பிழை. என் கருத்து இது: ஒரே வேரிலிருந்து ஒரே காரணத்துக்காக இரண்டு பொருள்களுக்குத் தனித்தனியே பெயர் வந்திருக்கிறது. பயறு கொடியிலேயே முற்றி உலர்ந்து நெற்றாக வேண்டும். முற்றாத பயற்றைச் சேமித்து வைக்க முடியாது. இந்த மரமும் அப்படித்தான். வரண்ட நிலத்தில் மெல்ல வளர்ந்து வைரம் ஏறிய பிறகே பயன்படும். இரண்டிலும் பெயர் வைத்தவன் பார்த்தது காலத்தை.

மரத்தின் உட்பக்கத்தைத் தமிழன் கவனித்தது இன்று நேற்றல்ல. தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்புறம் கடினமானவற்றைப் புல் என்றும், உட்புறம் கடினமானவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கடினத்துக்கு அது தரும் பெயர் காழ். பனையும் தென்னையும் புறக்காழ் உடையவை, அதனால் புல்லினம். முதிரையும் பாலையும் கருங்காலியும் அகக்காழ் உடையவை. காழ் என்ற சொல் வழக்கொழிந்தாலும் அந்த அறிவு ஒழியவில்லை. இன்று தச்சர்கள் அதை வைரம் என்கிறார்கள். வைரம் பாய்ந்த மரமா, வெளிப்புற வெள்ளை மரமா என்பதுதான் மரக்காலையில் இன்றைக்கும் கேட்கப்படும் முதற் கேள்வி. வெள்ளையில் பூச்சி விழும், வைரத்தில் விழுவது அரிது. முதிரையில் இவ்விரண்டுக்கும் நிற வேறுபாடு மிக மெல்லியது. பழகிய கண்ணே பிரித்தறியும்.

கொழும்பில் ஒரு வீட்டுக்குள் நின்று பொருள்களின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். யன்னல், மேசை, அலுமாரி, கதிரை, வாங்கு எல்லாம் போர்த்துக்கேயரோடு வந்த சொற்கள். கூரையைத் தாங்கும் தீராந்தியும் அவர்களுடைய திராந்தெதான். மேசையின் லாச்சி ஒல்லாந்தர் தந்தது. மேசன் வேலைக்காரரையும் மரவேலைக்காரரையும் நாம் மரியாதையோடு பாஸ் என்று அழைக்கிறோமே, அதுவும் தலைமை வேலைக்காரனைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல். அதே சொல்தான் அமெரிக்காவில் ஒல்லாந்தர் குடியேறிய பகுதிகள் வழியாக ஆங்கிலத்தில் முதலாளியைக் குறிக்கும் பொஸ் ஆயிற்று. அங்கே அதிகாரிக்குப் போன பெயர், இங்கே கையில் உளி பிடித்தவரிடமே நின்றுவிட்டது. அது நம் ஊருக்குப் பெருமை.

செய்த பொருளின் பெயர்கள் இப்படிக் கப்பலில் வந்தன. செய்வதற்கான மரத்தின் பெயர்களோ உள்ளூரிலேயே இருந்தன: முதிரை, பாலை, கருங்காலி. கப்பலேறிப் போன மரப்பெயரும் உண்டு. தேக்கு மலையாளக் கரையிலிருந்து போர்த்துக்கேய மொழிக்குள் தெக்கா ஆகி, ஆங்கிலத்தில் டீக் ஆனது. முதிரைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அதற்கு வேறு பெயர் சூட்டினார்கள்.

கேட்டவர் தம் காதுக்கும் கண்ணுக்கும் பழகியபடி பெயரை மாற்றிக்கொள்வது கொழும்புக்குப் புதிதல்ல. வெள்ளவத்தையில் வெள்ளமும் இல்லை, வெண்மையும் இல்லை. சிங்களத்தில் வெல்ல என்றால் மணல், வத்த என்றால் தோட்டம். மணற்றோட்டம் தமிழ் நாவில் வெள்ளவத்தை ஆயிற்று. கொட்டாஞ்சேனையின் பின்பாதி, காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் சேனை. சிங்களத்தில் அது ஹேன. அதற்கருகே ஒல்லாந்தர் கட்டி 1757இல் திறந்த தேவாலயத்தின் பெயர் வுல்வெண்டால், அதாவது ஓநாய்ப் பள்ளத்தாக்கு. இலங்கையில் ஓநாய் கிடையாது. இங்கே ஊளையிட்ட நரியை ஐரோப்பியர் தம் ஊர் ஓநாயாகக் கண்டார்கள். முதிரைக்கு நடந்ததும் இதுவே.

இனி அந்த மரத்தின் மற்றப் பெயர்கள். சிங்களத்தில் அது புருத. தமிழ்நாட்டில் பொரசு என்றும் சொல்வார்கள். தாவரவியலில் குளோரோசைலன் சுவீட்டேனியா. முதற்பாதி கிரேக்கம், வெளிர்பச்சையும் மஞ்சளும் கலந்த மரம் என்று பொருள். பின்பாதி லெய்டனில் பிறந்து ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் மருத்துவராயிருந்த கெரார்ட் வான் சுவீட்டன் என்பவரின் பெயர். மகோகனி மரத்துக்குத்தான் முதலில் அவர் பெயர் வைத்தார்கள். முதிரையையும் மகோகனியின் உறவு என்று எண்ணித் தாவரவியலாளர் ரொக்ஸ்பர்க் அதே இனத்தில் சேர்த்தார். பின்னர் அது வேறு என்று தெரிந்து பிரித்தபோதும் சுவீட்டனின் பெயர் வாலாக ஒட்டிக்கொண்டது. உண்மையில் முதிரை எலுமிச்சை, வில்வம், விளா, கறிவேப்பிலை ஆகியவற்றின் குடும்பம். பாஸ் சீவிய இடத்தை மணந்து பார்த்தது சும்மா அல்ல. எண்ணெயும் மணமும் அந்தக் குடும்பத்தின் சொத்து.

சாட்டின் என்ற சொல்லின் பயணம் இதைவிட நீண்டது. சீனாவின் பூஜியன் மாகாணத்தில் சுவான்சௌ என்ற துறைமுகம் இருக்கிறது. அரபு வணிகர் அதைச் சைத்தூன் என்று அழைத்தார்கள். அங்கிருந்து வந்த வழவழப்பான பட்டு சைத்தூனி. அதுவே பிரெஞ்சு வழியாகச் சாட்டின் ஆனது என்பது பல சொல்லகராதிகளின் கருத்து. 1344இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாண மன்னன் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, கொழும்பையும் கண்டு போன பயணி இபின் பதூதா, பிறகு சைத்தூனுக்கும் போனார். அரபியில் சைத்தூன் என்றால் ஒலிவ் மரம். ஆனால் அந்த ஊரில் ஒலிவ் மரமே இல்லை என்று எழுதினார். அவர் சொன்னது சரி. ஊரைச் சுற்றி நடப்பட்டிருந்த சித்தோங் என்ற மரத்தின் பெயரால் சீனர் வழங்கிய ஊர்ப்பெயரை அரபுச் செவி சைத்தூன் என்று கேட்டது.

சித்தோங் என்ன மரம் என்று தேடியபோது என் கை நின்றுவிட்டது. அது நம்முடைய முள்முருக்கு. யாழ்ப்பாணத்துத் திருமண வீடுகளில் கன்னிக்கால் ஊன்றுகிறோமே, அதே மரம். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் மண் இல்லாவிட்டால் வாளியில் மண் நிரப்பியாவது ஊன்றுகிறோம். முள்முருக்கு ஓர் ஊருக்குப் பெயராகி, ஊர் ஒரு துணிக்குப் பெயராகி, துணி முதிரைக்குப் பெயராயிற்று. மரத்தில் தொடங்கிய சொல் உலகத்தின் பாதியைச் சுற்றி மரத்திலேயே வந்து நின்றது.

அந்த ஊருக்குத் தமிழர் அந்நியரும் அல்லர். சுவான்சௌவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கே சிவன் கோயில் எடுப்பித்த செய்தியை அது சொல்கிறது. எதிர்த்திசையில், சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட கல் 1911இல் காலியில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிலும் காணிக்கைப் பட்டியல் சொல்லும் அந்தக் கல் இன்று கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொன், வெள்ளியோடு பட்டும் அந்தப் பட்டியலில் உண்டு.

ஆங்கிலேயர் 1796இல் கொழும்பைக் கைப்பற்றிய காலத்தில், இங்கிலாந்தின் செல்வர் வீடுகளில் வெளிர்மஞ்சள் மரத் தளபாடம் பெருமதிப்போடு இருந்தது. முதலில் மேற்கிந்தியத் தீவுகளின் வேறொரு மரம் சாட்டின்வூட் என்ற பெயரோடு அங்கே வந்தது. பின்னர் இலங்கை முதிரை அதன் இடத்துக்குப் போனது. தகடாகச் சீவி மேசை முகப்பில் ஒட்டினார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அந்தத் தகட்டின் மினுக்கம் மட்டுமே. இங்கேயோ அதன் வலிமையும் தெரிந்தது. 1833இல் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 205 அடி நீளத்தில், நடுவே தூண் இல்லாமல், ஆணியும் அடிக்காமல் முதிரையாலேயே ஒரு பாலம் கட்டினார்கள். 1905இல் அதைக் கழற்றும்வரை மலைநாட்டுப் போக்குவரத்தை அது தாங்கியது. பட்டு என்ற பெயருக்கு அந்தப் பாலத்தில் பொருளே இல்லை. முதிரை என்ற பெயருக்கு இருந்தது.

இனித் தரைக்கு வருவோம். பாஸ் தங்கையின் வீட்டில் செய்த ஒவ்வொரு வேலையும் இந்தப் பெயருக்கு உரை எழுதியதுபோல் இருந்தது.

பலகை தெரிவதில் அவர் கேட்டது நிறத்தை அல்ல, வயதை. அறுத்த பலகை நிழலில் காற்றாட உலர அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. மரம் ஈரத்தை வாங்கும்போது அகலத்தில் பெருக்கும், விடும்போது சுருங்கும். நீளத்தில் ஏறக்குறைய மாறாது. அதனால் அகலம் குறைந்த பலகையே தரைக்கு நல்லது. கொட்டாஞ்சேனைப் பலகைகளை மூன்றங்குல அகலத்துக்கு அறுத்து, ஒரு விளிம்பில் நாக்கும் மறு விளிம்பில் காடியும் எடுத்தார். புதிய முதிரை வாங்குவோர் ஒன்றை மறக்கக்கூடாது. வன்னியிலும் கிழக்கிலும் வடமத்தியிலும் வரண்ட காடுகளில் வளரும் மரம் இது. வளர மிக நீண்ட காலம் எடுக்கும். அனுமதிப்பத்திரம் காட்டாத மரக்காலையில் வாங்குவது காட்டைத் திருடுவதற்குச் சமம். பழைய வீட்டுப் பலகை கிடைத்தால் அதுவே முதல் தெரிவு.

பதிக்கும் முன்பு பாஸ் தரையைச் சோதித்தார். ஒரு முழச் சதுரத்துக்குப் பொலித்தீன் விரித்து, நான்கு பக்கமும் காற்றுப் போகாமல் ஒட்டி, ஒருநாள் விட்டார். மறுநாள் உட்புறம் நீர்த்துளி அரும்பியிருந்தது. "இன்னும் காயேல்ல சேர், பொறுங்கோ" என்று போய்விட்டார். மூன்றாம் முறைதான் பொலித்தீன் உலர்ந்து இருந்தது. அதற்குப் பிறகும் பதிக்கவில்லை. பலகைகளை அறைக்குள் கொண்டுவந்து, இடையிடையே சலாகை வைத்து அடுக்கி, இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுவைத்தார். கடற்காற்றின் ஈரத்துக்கு அந்தப் பலகை அந்த அறையிலேயே பழக வேண்டும். கொட்டாஞ்சேனை மாடியின் காற்று வேறு, வெள்ளவத்தைக் கரையின் காற்று வேறு.

பதிக்கும்போது நான்கு சுவரோரமும் அரை அங்குலம் இடைவெளி விட்டார். மழைக்காலத்தில் தரை பெருக்க இடம் வேண்டும். முதல் தரை எழும்பியதற்கு அந்த இடம் விடாததும் ஒரு காரணம். ஓரப்பட்டி அடித்தபின் இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. முதிரையில் நேரே ஆணி அடித்தால் ஆணி வளையும், அல்லது பலகை வெடிக்கும். ஒவ்வொரு திருகாணிக்கும் முன்கூட்டியே துளை போட்டார். ஒரு நாளில் முடியும் என்று நினைத்த அறைக்கு நான்கு நாள் ஆனது.

கடைசியில்தான் மெருகு. முதிரையின் நார் ஒரே திசையில் ஓடாது. ஒரு வரி வலமும் அடுத்த வரி இடமுமாகச் சாய்ந்து பின்னிக்கிடக்கும். சீவுளியை அவசரமாகத் தள்ளினால் நார் பிய்ந்து வரும். அந்தப் பின்னல்தான் ஒளியை மாறிமாறித் திருப்பிப் பட்டின் மினுக்கத்தைத் தருகிறது. ஆக, ஆங்கிலேயர் வியந்த மினுக்கமும், பாஸின் கையை வருத்திய கடினமும் ஒரே நாரின் இரண்டு முகங்கள். நாற்பதாம் இலக்க மட்டத்தாளில் தொடங்கி, எண்பது, நூற்றிருபது என்று படிப்படியாகத் தேய்த்தார். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டார். முதிரைத் தூள் தோலில் பட்டால் சிலருக்கு அரித்துத் தடிக்கும். தூளை முற்றாகத் துடைத்தபின் வார்னிஷை மெல்லிய படையாக மூன்று முறை பூசினார். ஒவ்வொரு படையும் முழுதாகக் காய்ந்தபின் இலேசாகத் தேய்த்தே அடுத்ததைப் பூசினார். தடிப்பாக ஒரே முறை பூசினால் சீக்கிரம் முடியும், சீக்கிரமே உரியவும் செய்யும்.

அந்த மாலை மேற்குப் பக்க யன்னலால் கடல் வெளிச்சம் தரையில் விழுந்தது. பலகைக்குப் பலகை பொன்மஞ்சள் அலை அசைந்தது. சாட்டின் என்று பெயர் வைத்தவரை அந்த நேரம் குறைசொல்ல முடியவில்லை. அவர் கண்டது பொய்யில்லை. ஆனால் அவர் கண்டது கடைசி நாளின் வேலையை மட்டும். முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் கண்டவனே முதிரை என்று பெயரிட்டான். இரண்டு பெயரையும் ஒருவன் வரிசைப்படி கைக்கொண்டால் தரை வேலை பிழைக்காது. முதிர்வு முதலில், மினுக்கம் கடைசியில். வரிசை மாறியதால்தான் தங்கையின் முதல் தரை எழும்பியது.

இன்று கொழும்பின் மரக்காலைகளிலும் தளபாடக் கடைகளிலும் நம் பிள்ளைகள் சாட்டின் என்றே கேட்கிறார்கள். கடைக்காரரும் அப்படியே எழுதித் தருகிறார். டின்னில் இருப்பது சாட்டின் பூச்சு, அதை அப்படியே கேளுங்கள். பலகைக்கு மட்டும் அதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். முதிரை என்று கேட்டுவிட்டு, அது முதிர்ந்ததா என்றும் கேளுங்கள். அந்த இரண்டாம் கேள்வியை நமக்குக் கற்றுத்தருவது அந்தப் பெயர்தான். பெயர் மறந்தால் கேள்வியும் மறந்துபோகும்.